முணுமுணுப்பு முறையீடாகாது!

வெள்ளவத்தைக் காலி வீதியில் மாலை வேளையில் ஒரு தேநீர்க் கடைக்குள் நுழைந்து அரை மணி நேரம் அமர்ந்திருப்பவர் நம் சமூகத்தின் குறைகள் அனைத்தையும் கேட்டுவிடலாம். பொலிசு நிலையத்தில் தமிழில் சொன்ன வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கினார்கள் என்பார் ஒருவர். அடுக்குமாடி வீட்டுக்குப் பணம் முழுவதும் கட்டிய பின்னும் உறுதி கைக்கு வரவில்லை என்பார் இன்னொருவர். தனியார் வைத்தியசாலை கொடுத்த கணக்குச் சீட்டுக்கு விளக்கம் கேட்டால் பதிலில்லை என்பார் மூன்றாமவர். கொட்டாஞ்சேனை ஜெம்பட்டா வீதிக்குப் போனாலும் இதே பல்லவிதான். வன்னியிலுள்ள கமக்காரர் ஒருவரை வரம்பிலே சந்தித்தால், முளைக்காத விதைநெல்லின் கதையையும், வராத பயிர்க் காப்புறுதியின் கதையையும் சொல்லி முடிக்க அவருக்குப் பொழுது போதாது.

இவர்கள் ஒவ்வொருவரிடமும் நாம் ஒரே கேள்வியைக் கேட்கிறோம்: "இதனை எழுத்திலே எங்கே முறையிட்டீர்கள்? என்ன திகதியில்?"

பதில் வராது. ஒரு புன்னகை வரும். "ஐயா, வழக்குப் பேசி இந்த நாட்டில் யார் வென்றார்?" என்ற பெருமூச்சு வரும். பிறகு தேநீர் முடியும். குறையும் அத்துடன் முடியும்.

இந்த நிலைக்கு இரு தரப்பார் பொறுப்பாளிகள் என்பதே நாம் இங்கு சொல்ல வந்தது. உரிமையைச் சட்டப் புத்தகத்திலே எழுதிவிட்டு, அதனைப் பெறும் வாசலை எட்டாத உயரத்தில் அமைத்த அரசு முதற் பொறுப்பாளி. எட்டக்கூடிய வாசல்களையும் தட்டாமல் வீட்டிலிருந்து வைதுகொண்டிருக்கும் நாம் இரண்டாம் பொறுப்பாளிகள். முதலாவது குற்றவாளியை மட்டும் ஏசுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆயினும் உண்மை பாதியாய் நின்றுவிடும்.

ஓர் எழுதுவினைஞர் தொடுத்த வழக்கு

"வழக்குப் பேசி யார் வென்றார்?" என்று கேட்போருக்கு ஒரு பழைய வழக்கை நினைவூட்டுகிறோம்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தைத் தனி அரசகரும மொழியாக்கியது. 1961 டிசம்பரில் திறைசேரி ஒரு சுற்றுநிருபம் விடுத்தது: அரசாங்க ஊழியர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியெய்த வேண்டும், தவறினால் சம்பள உயர்வு நிறுத்தப்படும். அரசாங்க எழுதுவினைஞர் சேவையிலிருந்த செல்லையா கோடீஸ்வரன் என்னும் தமிழர் அப்பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962 ஏப்ரலில் அவருக்குரிய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அக்காலத்தில் எத்தனையோ தமிழ் உத்தியோகத்தர் அதே இடியைத் தலையில் ஏற்றனர். சிலர் பரீட்சை எழுதினர், சிலர் ஓய்வூதியம் பெற்று வீடு சென்றனர், பலர் முணுமுணுத்தனர். கோடீஸ்வரனோ சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கிக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்திலே வழக்குத் தொடுத்தார்.

அவர் கேட்டது மாதச் சம்பளத்தில் ஒரு சிறு தொகை. ஆனால் அச்சிறு தொகையைத் தீர்மானிக்க வேண்டுமானால், அதனை மறுத்த சுற்றுநிருபம் செல்லுமா என்று பார்க்க வேண்டும். சுற்றுநிருபத்தைப் பார்க்க வேண்டுமானால், அதற்குத் தாயான 1956ஆம் ஆண்டுச் சட்டம் செல்லுமா என்று பார்க்க வேண்டும். அதற்கோ சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைத் திறந்து, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டத்தை இயற்றப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்று கேட்க வேண்டும். ஒரு குமாஸ்தாவின் சம்பளச் சீட்டைப் பற்றி இழுத்தபோது ஓர் அரசாங்கத்தின் மொழிக் கொள்கை முழுவதுமே கூண்டிலே வந்து நின்றது!

1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெற்சர் வழக்காளிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. மொழிச் சட்டம் சரியானது என்று சொல்லிப் புரட்டவில்லை. முடிக்குரிய ஊழியர் தம் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடர முடியாது என்று சொல்லியே புரட்டியது. கோடீஸ்வரன் இலண்டன் கோமறைக் கழகத்துக்குப் போனார். 1969 டிசம்பரில் கோமறைக் கழகம் அத்தடையை உடைத்தது. உழைத்த சம்பளத்துக்காக அரசாங்க ஊழியர் வழக்குத் தொடரலாம் என்றது. மொழிச் சட்டம் செல்லுபடியாகுமா என்ற பெருங் கேள்வியை முடிவு செய்யுமாறு வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

அக்கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22ஆந் திகதி புதிய குடியரசு அரசியலமைப்பு வந்தது. 29ஆம் பிரிவு போயிற்று. வினாத்தாளுக்கு விடை எழுத வேண்டியவர்கள் வினாத்தாளையே கிழித்தெறிந்தார்கள்.

அப்படியானால் கோடீஸ்வரன் தோற்றாரா? இல்லை என்போம் நாம். தோற்கும் வழக்குக்காக எவரும் ஆடுகளத்தை மாற்றுவதில்லை. அரசியலமைப்பு மாறியதற்குக் காரணங்கள் பல உண்டு. எனினும் நீதிமன்றத்தில் நிலுவையிலிருந்த அக்கேள்வி மாற்றியோரின் உறக்கத்தைக் கெடுத்த ஒன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. மேடையிலே முழங்கிய ஆயிரம் கண்டனங்கள் பெற்றுத் தராத ஒரு தீர்ப்பை, ஒரு தனி மனிதர், ஒரு சுற்றுநிருபத்தின் இலக்கத்தையும் ஒரு சம்பள உயர்வின் திகதியையும் வைத்துக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்தில் பெற்றார். "எமக்கு அநீதி" என்று அவர் சொல்லவில்லை. "இன்ன திகதியில், இன்ன தொகை, இன்ன கட்டளையால் மறுக்கப்பட்டது" என்றார். முணுமுணுப்புக்கும் முறையீட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

"மன்றம் அவர்களுடையது" என்பாருக்கு

நீதிமன்றம் பெரும்பான்மையினருடையது, அங்கே தமிழனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்போர் உண்டு. அவர்களது கசப்பை நாம் அற்பமாக எண்ணவில்லை. நாட்டின் நீதி வரலாற்றில் நமக்குப் பாதகமான பக்கங்கள் பல உண்டென்பதை யாமும் அறிவோம். ஆனால் இதே கொழும்பில், இதே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நடந்தவற்றை அவர்கள் மறந்துவிடக் கூடாது.

2007 ஜூன் 7ஆந் திகதி விடியுமுன்னர் பொலிசாரும் படையினரும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதிகளின் விடுதிகளுக்குள் நுழைந்தனர். வடக்கு, கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வைத்தியத்துக்கும் வெளிநாட்டுப் பயண அலுவலுக்கும் வேலை தேடியும் வந்து தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினர். விடுதிக்குப் பணம் கொடுத்துத் தங்கியவர். அடையாள அட்டை வைத்திருந்தவர். குற்றம் எதுவும் சாட்டப்படாதவர். தமிழர் என்பதே அவர் செய்த பிழை! அன்றே முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் அத்துடன் நிற்கவில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தது. மறுநாள், ஜூன் 8ஆந் திகதி, மேலும் எவரையும் வெளியேற்றக் கூடாதென இடைக்காலத் தடை பிறந்தது. பிரதமர் பகிரங்கமாக வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. ஏற்கெனவே பேருந்தில் ஏற்றப்பட்டவரின் அவமானத்தை அத்தடை துடைக்கவில்லை. ஆயினும் இரண்டாம் நாட் பேருந்துகள் புறப்படவில்லை. அவற்றை நிறுத்தியது ஒரு மனு.

2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும் ஏனைய இடங்களிலும் குண்டுகள் வெடித்தன. எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தும் அரசு மக்களைக் காக்கத் தவறியது. பாதுகாப்பு என்பது குடிமகனுக்கு அரசு ஆற்ற வேண்டிய முதலாவது சேவை. அச்சேவை தவறியமைக்குப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை உயிரிழந்தோரின் உறவினரும் பிறரும் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றனர். 2023 ஜனவரி 12ஆந் திகதி தீர்ப்பு வந்தது. முன்னாள் ஜனாதிபதி ஒருவர் தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்றும், உயர் அதிகாரிகளும் தத்தம் பங்கைச் செலுத்த வேண்டுமென்றும் நீதிமன்றம் கட்டளையிட்டது. பொதுப் பணத்திலிருந்தல்ல, சொந்தப் பணத்திலிருந்து! பதவி என்னும் குடையின்கீழ் நின்றவர் மீதும் மழை பெய்யும் என்று அன்று நிறுவப்பட்டது.

இவை மன்றத்தின் புகழ் பாட நாம் சொல்லும் கதைகள் அல்ல. உயிர்த்த ஞாயிற்றுத் தீர்ப்பு வர மூன்று ஆண்டும் ஒன்பது மாதமும் சென்றன. தாயை இழந்த பிள்ளைக்கு அது எத்தகைய காத்திருப்பு! எனினும் மனு இல்லாத இடத்தில் தீர்ப்பும் இல்லை. கேளாத செவிக்கு முன் பேசியவன் ஒரு நாள் கேட்கப்படலாம். பேசாதவன் என்றுமே கேட்கப்படான்.

ஏட்டிலுள்ள உரிமையும் எட்டாத வாசலும்

இனி அரசின் குற்றத்துக்கு வருவோம்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தமும் 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தமும் தமிழை அரசகரும மொழியும் நிருவாக மொழியும் ஆக்கின. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தெளிவானது. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பிரதேசத்திலும், தமிழில் எழுதியவருக்குத் தமிழில் மறுமொழி பெறும் உரிமை உண்டு; தமக்கென வழங்கப்படும் ஆவணத்தைத் தமிழிலோ தமிழ் மொழிபெயர்ப்புடனோ பெறும் உரிமை உண்டு. 24ஆம் உறுப்புரையின்படி நீதிமன்ற மொழி விளங்காத தரப்பினருக்கு அரசு தன் செலவில் மொழிபெயர்ப்பு வழங்க வேண்டும். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை நிறுவியது. உரிய மொழியில் கருமமாற்ற வேண்டுமென்றே மறுக்கும் உத்தியோகத்தர் நீதவான் நீதிமன்றத்தில் தண்டிக்கத்தக்க குற்றவாளி என்று அச்சட்டமே சொல்கிறது.

படிக்கையில் உள்ளம் குளிரும் சட்டங்கள்! ஆனால் இவ்வுரிமை மீறப்பட்டால் எங்கே போவது?

ஆணைக்குழுவுக்குப் போகலாம். ஆணைக்குழு விசாரித்துப் பரிந்துரை செய்யும். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். அதுவும் விசாரித்துப் பரிந்துரை செய்யும். பரிந்துரை என்பது பல்லில்லாத வாயிலிருந்து வரும் புத்திமதி. கேட்பவன் கேட்பான், கேளாதவனை மேல் நீதிமன்றத்துக்கு இழுக்க வழி உண்டென்று சட்டம் சொன்னாலும், ஒரு தமிழ்க் கடிதத்துக்காக மேல் நீதிமன்றம் வரை போகும் பணமும் பொழுதும் எத்தனை பேருக்கு உண்டு?

உயர் நீதிமன்றத்துக்கே நேராகப் போகலாம் என்கிறது 126ஆம் உறுப்புரை. எத்தனை நாளுக்குள்? ஒரு மாதத்துக்குள்! கிளிநொச்சியிலுள்ள கமக்காரருக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வாசிக்க ஆள் தேட ஒரு வாரம். கச்சேரிக்குப் போய்ப் பொருள் கேட்க ஒரு வாரம். அறுவடை முடித்துச் சட்டத்தரணியைக் காண இரண்டு வாரம். அவர் புதுக்கடைக்கு வந்து சேருமுன் வாசல் அடைக்கப்பட்டுவிடும். எந்த மொழியில் எழுதியது உரிமை மீறலோ, அந்த மொழியாலேயே முறையீட்டுத் தவணையும் விழுங்கப்படுகிறது.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அதே உறுப்புரை நீதிமன்றத்துக்கும் தவணை விதிக்கிறது: மனுவை இரண்டு மாதத்துக்குள் கேட்டு முடிக்க வேண்டும். குடிமகனுக்கு விதித்த ஒரு மாதம் பெரும்பாலும் இரும்புச் சங்கிலி. மன்றத்துக்கு விதித்த இரண்டு மாதம் வெறும் வழிகாட்டல் என்றே மன்றம் பொருள்கொண்டுள்ளது. ஏழைக்கு ஒரு நாட்காட்டி, அரசுக்கு இன்னொரு நாட்காட்டியா என்று நாம் கேட்கிறோம்.

இக்கொடுமை தமிழருக்கு மட்டும் உரியதன்று. அம்பாந்தோட்டைச் சிங்களக் கமக்காரரும் அதே ஒரு மாதச் சங்கிலியால் கட்டப்பட்டவரே. மொழிச் சுமை நமக்கு மேலதிகம்; தூரமும் செலவும் அவருக்கும் உண்டு. ஆகவே இது இனத்துக்கு எதிரான இனத்தின் வழக்கன்று. வாசலை அடைத்து வைத்தோருக்கு எதிராக வாசலில் நிற்போரின் வழக்கு.

பணம் கொடுத்து வாங்கும் சேவை

அரசை விட்டுத் தனியாரிடம் வருவோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இயங்குகிறது. பொருள் வாங்கிய, அல்லது சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிட்டால், விசாரித்து நட்டஈடோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் கட்டளையோ பிறப்பிக்க அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் சந்தையிலே அரிசி விலையைப் பார்ப்பதும், பதுக்கலைப் பிடிப்பதும், சேவைத் தகராற்றைத் தீர்ப்பதும் ஒரே சபையின் தலையில்! வேட்டைக்குப் போகும் நாயையே வீட்டுக்கும் காவல் வைத்தாற்போன்ற ஏற்பாடு இது.

அயலிலே பாருங்கள். இந்தியா 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாவட்டந்தோறும் நுகர்வோருக்கென்றே மன்றம் அமைத்தது. 2019இல் அச்சட்டத்தைப் புதுப்பித்தது. அதன்கீழ் எழுந்த தீர்ப்புக்கள் நம் வாசகர் அறியத் தக்கவை. 1993இல், வீடமைக்கும் அரச அதிகார சபையும் சேவை வழங்குநரே, அதன் தவறுக்கு நட்டஈடு உண்டு, அந்நட்டஈடு தவறிழைத்த உத்தியோகத்தரிடமிருந்து அறவிடப்பட வேண்டும் என்றது இந்திய உச்ச நீதிமன்றம். 1995இல், பணம் பெற்றுச் செய்யும் வைத்தியமும் சேவையே என்றது.

2012இல் வந்த தீர்ப்பைக் கமக்காரர் காதிலே நாம் தனியாகச் சொல்ல விரும்புகிறோம். விதை குறைபாடுடையது என்று விவசாயிகள் வழக்கிட்டபோது, விதை விற்ற அரச கூட்டுத்தாபனம், "சோதனைக்கு விதையின் மாதிரி எங்கே?" என்று வாதாடியது. வாங்கிய விதை முழுவதையும் நிலத்திலே விதைக்கும் விவசாயி, பின்னால் வழக்கு வருமென்று எண்ணி மாதிரி எடுத்து வைத்திருக்க வேண்டுமென எதிர்பார்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. வயலை அறிந்த நீதி இது. இத்தகைய கேள்வியைக் கேட்கவாவது நம் நாட்டில் கமக்காரருக்கென ஒரு மன்று உண்டா? 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரு வர்த்தமானியால் நிறுத்தி, நவம்பரில் அக்கொள்கையை அரசு கைவிட்டது. இடையிலே சிறுத்துப் போன கதிருக்குக் கணக்குக் கேட்க, தனியொரு கமக்காரர் தம் ஊரிலேயே ஏறக்கூடிய படி எது?

இந்தியாவை நாம் சுவர்க்கமென்று சொல்லவில்லை. அங்கும் மன்றங்களில் வழக்குகள் தேங்குகின்றன. அத்துடன் நம் சொந்தத் தொழிலைப் பற்றிய ஒரு செய்தியையும் மறைப்பதற்கில்லை. 2024 மே மாதத்தில் அதே உச்ச நீதிமன்றம், வழக்கறிஞரின் பணி அச்சட்டத்தின் வரம்புக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. வைத்தியர் மன்றத்துக்கு வரவேண்டும். விதை விற்றவர் வரவேண்டும். கறுப்பு அங்கி அணிந்தவர் மட்டும் வரத் தேவையில்லை! தீர்ப்புக்குச் சட்ட நியாயங்கள் உண்டு. அவற்றை நாமும் படித்தோம். ஆயினும் பிறர் சேவையை நிறுக்கும் தராசில் தன் சேவையை வைக்க மறுக்கும் தொழில், ஏழையின் நம்பிக்கையை எந்த முகத்தோடு கேட்கும்? நம் நாட்டிலும் தவணைக்கு மேல் தவணை வாங்கி, கட்டணத்துக்கு மேல் கட்டணம் வாங்கி, கட்சிக்காரரைப் புதுக்கடைப் படிகளில் தேயவிட்ட சட்டத்தரணிகள் உண்டு. "வழக்குப் பேசி யார் வென்றார்?" என்ற பெருமூச்சின் ஒரு பகுதி நம்மவர் படைத்தது. அதை ஒப்புக்கொள்ளாமல் நாம் மக்களைப் பார்த்து விரல் நீட்ட முடியாது.

நாம் கேட்பது

அப்படியானால் வழி என்ன? வழி புதிதன்று, நம் நாட்டிலேயே உண்டு. 1957ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குத் திருத்தச் சட்டம் தொழில் நியாய சபைகளை உருவாக்கியது. வேலை நீக்கப்பட்ட தொழிலாளி தாமே விண்ணப்பிக்கலாம்; அவர் சார்பில் தொழிற்சங்கமும் விண்ணப்பிக்கலாம். சேவை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், நீதியும் ஒப்புரவுமான கட்டளையை வழங்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. எழுத்தறிவு குறைந்த மலையகத் தோட்டத் தொழிலாளியும் தம் சங்கத் தலைவரை அழைத்துச் சென்று, துரையை எதிரே நிறுத்திக் கேள்வி கேட்ட மன்று அது. குறைகள் அங்கும் உண்டு, தாமதமும் உண்டு. ஆனால் வாசலின் உயரம் மனிதன் ஏறக்கூடிய உயரம்.

தோட்டத் தொழிலாளிக்கு முதலாளியின் முன் கிடைத்த அந்த வாசல், குடிமகனுக்குச் சேவை வழங்குவோர் முன் ஏன் கிடைக்கக் கூடாது? ஆகவே நாம் கேட்கிறோம்:

மாவட்டந்தோறும் ஒரு சேவை நியாய சபை வேண்டும். அரச அலுவலகமானாலும், வைத்தியசாலையானாலும், காப்புறுதிக் கம்பனியானாலும், வீடு கட்டி விற்பவரானாலும், விதை விற்பவரானாலும் அதன் முன் வந்து பதில் சொல்ல வேண்டும். சட்டத்தரணியின்றியும் முறையிட வழி வேண்டும். கமக்காரர் அமைப்பும் சனசமூக நிலையமும் உறுப்பினர் சார்பில் தோன்ற உரிமை வேண்டும். முறைப்பாடு, விசாரணை, தீர்ப்பு மூன்றும் முறையிட்டவரின் மொழியில் நடைபெற வேண்டும். பரிந்துரை போதாது, கட்டளை வேண்டும். 126ஆம் உறுப்புரையின் ஒரு மாதத் தவணை நீட்டப்பட வேண்டும். அக்கடிதம் அவர் மொழியில் கைக்குக் கிடைத்த நாளிலிருந்தே தவணை எண்ணப்பட வேண்டும்.

இவற்றைப் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டியவர்கள் நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள். பொங்கு தமிழ் பேசும் நாவினால் இந்தச் சில வரிகளையும் ஒரு தனியார் சட்டமூலமாகக் கொண்டுவர அவர்களால் முடியாதா?

நாளையே செய்யத் தக்கது

அதுவரை கைகட்டி இருப்பதா? கூடாது. இருக்கின்ற வாசல்களைத் தட்டுவோம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தால், 14 வேலை நாட்களுக்குள் தகவல் தரும் முடிவை அரச அலுவலகம் அறிவிக்க வேண்டும். "என் காப்புறுதி விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறது?" என்ற ஒற்றைக் கேள்வி, பல கோப்புக்களை உறக்கத்திலிருந்து எழுப்பவல்லது. உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் உயர் நீதிமன்றத் தவணையில் எண்ணப்படாது. முறைப்பாட்டின் பிரதியையும் விசாரணை நடப்பதற்கான கடிதத்தையும் பத்திரப்படுத்துதல் அவசியம். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். தமிழில் எழுதுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டை வைத்திருங்கள், சிங்களத்தில் மறுமொழி வந்தால் அதனையே இரண்டாவது முறைப்பாட்டின் சான்றாக்குங்கள். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிடுமுன், அதனைத் தமிழில் வாசித்துக் காட்டுமாறு கேளுங்கள்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ் வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், ஆசிரியர், சட்டத்தரணிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சங்கங்கள் ஆண்டு விழாவுக்கு மண்டபம் பிடிக்கின்றன, பொன்னாடை போர்த்துகின்றன. நல்லது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே மண்டபத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் ஒரு கொப்பியும் வையுங்கள். வருவோரின் குறையைத் திகதியோடு எழுதுங்கள். கடிதத்தை மொழிபெயர்த்துக் கொடுங்கள். இளஞ் சட்டத்தரணி ஒருவர் வந்து எந்த மன்று, எந்தத் தவணை என்று சொல்லட்டும். கட்டணம் வேண்டாம். கமக்காரர் அமைப்புக்கள் தம் கமநல சேவை நிலையத்தருகே அதே கொப்பியை வைக்கட்டும். நூறு பேரின் முணுமுணுப்பு காற்றோடு போகும். திகதியிட்ட நூறு முறைப்பாடுகள் ஒரு கட்டாக வந்தால் எந்த அமைச்சும் அதனைத் தாண்டிச் செல்ல முடியாது.

கோடீஸ்வரனின் கேள்வி அரை நூற்றாண்டுக்கு மேலாக விடையின்றிக் கிடக்கிறது. அதற்கு விடை தர மறுத்தவர்களை வரலாறு அறியும். அவரைப் போல் இன்னும் ஆயிரம் பேர் அன்றே எழுதியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை யாரும் அறியார். நம் பிள்ளைகள் நம்மைப் பற்றி அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க இடம் வைக்காதிருப்போம்.

தேநீரை அருந்துங்கள். பிறகு பேனாவை எடுங்கள். முதலில் திகதியை எழுதுங்கள்!